உள்ளங்கை உப்பு

ஆதிலட்சுமியின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “நாளைக்கு வேலைக்குப் போலாங்களா?” என்பதுதான்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்கு எப்பவோ மாரடைப்பு வந்துட்டுப் போயிருக்கும்மா. வாயுன்னு நெனச்சிருப்பீங்க. இதயம் ரத்தத்தத் தள்ளுற பலம் அறுவது இருக்கணும்னா உங்களுக்கு முப்பதுதான் இருக்கு. அதான் படுத்தா மூச்சு வாங்குது, காலு வீங்குது.”

சித்திரை மாதத்தில் ஒரு நாள் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்ததும், கூட வேலை செய்யும் கொளஞ்சிநாதன் ஓடிப்போய் சோடா வாங்கி வந்ததும், அரை மணி நேரம் அரிசி மூட்டையில் சாய்ந்திருந்துவிட்டு எழுந்து ரசம் தாளித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற புருஷன் பாவாடையிடம்கூட அதை அவள் சொல்லியிருக்கவில்லை.

வார்டிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஒரு சின்ன டீஸ்பூனில் உப்பை அள்ளி, விரலால் தலை தட்டிக் காட்டினாள்.

“ஒரு நாளைக்கு இவ்ளோதான். சோறு, கொழம்பு, இட்லி, சட்னி எல்லாம் சேத்து. உப்பு ஒடம்புல தண்ணியப் புடிச்சு வெக்கும். அந்தத் தண்ணிதான் காலுக்கு எறங்குது, நெஞ்சுல ஏறுது. தண்ணியும் ஒன்ற லிட்டருக்கு மேல வேணாம். தெனம் காலையில எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிச்சுன்னா காத்துக்கினு இருக்காதீங்க, வந்துடுங்க.”

ஆதிலட்சுமி அந்தக் கரண்டியைப் பார்த்துச் சிரித்தாள். “இதுல நான் என்னா பண்றது? முந்நூறு பேருக்கு ஒரு படி போடுறவ நான்.”

நர்ஸ் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. நிலக்கரிச் சுரங்க வாசலுக்கு அருகிலிருந்த ஒரு கான்ட்ராக்ட் கேன்டீனில் ஆதிலட்சுமிதான் சமையல். முதல் ஷிப்டுக்குப் பொங்கலும் இட்லியும், மதியம் முந்நூறு பேருக்குச் சாப்பாடு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் அங்கே பாத்திரம் தேய்க்கத்தான் சேர்ந்தாள். அப்போதிருந்த சமையல் மாஸ்டர் குடித்துவிட்டு வராமல்போன ஒரு நாள், வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர் அவளை அடுப்பில் நிறுத்தினார். அன்றைக்குச் சாம்பார் மிச்சமாகவில்லை. அடுத்த மாதம் மாஸ்டர் ஒரேயடியாக நின்றுபோனதும் கரண்டி அவள் கைக்கு வந்தது.

அது அத்தனை சுலபமாக நடந்துவிடவும் இல்லை. காலனியிலிருந்து வருகிறவள் சமைக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு இருபது பேர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்றார்கள், வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்கிறது என்றார்கள். அப்போது கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சிநாதனும் அவர்களில் ஒருவன். அவள் வடித்த சோற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பான். ஆதிலட்சுமி பார்க்காத மாதிரி இருந்தாள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒவ்வொரு டப்பாவாகக் காணாமல் போயிற்று. இப்போது வேறு யாராவது சமைத்தால், “ஆதிக்கா லீவா?” என்று முதல் வாயிலேயே கேட்டுவிடுவார்கள். அவள் கைக்கு உப்பு தெரியும் என்பது அந்தக் கேன்டீனில் எல்லாரும் சொல்லும் பேச்சு.

அந்தக் கையோடு ஒரு வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள்.

மந்தாரக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் உப்பைக் குறைத்துத்தான் சமைத்தாள். தனக்கென்று ஒரு சட்டியில் தனிக் குழம்பு. ஆறு வாரம்தான். ஒரு காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. அன்று மாலை மாடிப்படியில் ஏறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி வார்டு, மறுபடி ஊசி, இரண்டு நாளில் நான்கு கிலோ தண்ணீர் சிறுநீராகப் போயிற்று.

இந்த முறை மகள் வெண்மதி வந்தாள். வடலூரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். கடையில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, அம்மாவின் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினாள். ஊறுகாய் ஜாடி, அப்பளம், மோர் மிளகாய், கருவாட்டு டப்பா எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்து எழுத்தைப் படித்துவிட்டு அதையும் எடுத்து வைத்தாள்.

“பிஸ்கட்டு இனிப்புதான்டி,” என்றாள் ஆதிலட்சுமி.

“இனிப்புலயும் உப்பு இருக்குதும்மா. பிரெட்டுல இருக்குது. கடையில வாங்குற மாவுல சோடா உப்பு இருக்குது. நாக்குக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமில்ல.”

தினம் காலையில் ஒரு டீஸ்பூன் உப்பைத் தலை தட்டி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்தாள். அன்றைக்கு முழுவதும் அம்மாவுக்கு அதிலிருந்துதான். பாவாடைக்கும் தனியாகச் சமைப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். “அம்மா மூக்குக்கு நேரா நீ கருவாட்டுக் கொழம்பு தின்னா அவங்க என்னா பண்ணுவாங்க?”

பாவாடைக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. நிலக்கரி போகும் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடப்பதை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. எட்டு மணி நேரம் கரித்தூளைத் தின்றுவிட்டு வருகிறவனுக்கு வாயில் சுள்ளென்று எதையாவது வைக்க வேண்டும். ஆனாலும் அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மகள் போட்டதைச் சாப்பிட்டான். வெண்மதி வடலூருக்குத் திரும்பிய பிறகும் அதே மாதிரிதான் சாப்பிட்டான்.

ஒரு வாரத்தில் ஆதிலட்சுமி கேன்டீனுக்கும் போக ஆரம்பித்தாள். வார்டிலிருந்து வந்த பதினெட்டாவது நாள் அவளுக்கு மறுபடி மூச்சு திணறியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் வெண்மதி அதைக் கேட்டாள். உள்ளே அம்மாவுக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது.

“உண்மையச் சொல்லுப்பா. நீ என்னா வாங்கியாந்து குடுத்த?”

பாவாடை சுவரைப் பார்த்தான்.

“வூட்டுல உப்ப அளந்துதான் வெக்கறோம். ஊறுகா இல்ல, அப்பளம் இல்ல. அப்புறம் எப்டி ரெண்டு வாரத்துல மூணு கிலோ ஏறும்? அவங்களா போயி வாங்க மாட்டாங்க. நீதான் பாவம் பாத்துக் குடுத்துக்கினு இருக்க. உனக்கு வாயக் கட்ட முடியலன்னா வெளியில போயி தின்னுட்டு வா. அவங்களுக்கு ஏன் குடுக்கற? அம்மா செத்துடுவாங்கப்பா.”

எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம், “வாயெல்லாம் மண்ணா இருக்குதுய்யா” என்று ஆதிலட்சுமி கெஞ்சியபோது, பாவாடை பக்கத்து வீட்டிலிருந்து ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் வாங்கி வந்து கொடுத்திருந்தான். ஒரே ஒரு துண்டு. அதுதான் இப்படிச் செய்துவிட்டதோ என்று இரண்டு நாளாக அவன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. மகள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தான். வேட்டி முனையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

வார்டிலிருந்து வந்த பதினைந்தாம் நாள் ஆதிலட்சுமி வேலைக்குப் போனாள். போக வேண்டாம் என்று பாவாடை சொன்னதற்கு, “வூட்டுல குந்திக்கினு இருந்தா மூச்சு நல்லா வாங்குமா?” என்றாள். அவள் புறப்பட்ட பிறகுதான் ஜன்னல் விளிம்பில், உடம்புத் தண்ணீரை இறக்கும் நீர் மாத்திரை அப்படியே இருப்பதைப் பார்த்தான். மறந்துவிட்டாள் என்று நினைத்தான். அவனுக்கு அன்று ராத்திரி ஷிப்ட். மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

கேன்டீனின் பின்பக்கம் கம்பி வலை அடித்த ஒரு ஜன்னல் உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே. பாவாடை அதன் வழியாக உள்ளே பார்த்தான். பத்து மணி இருக்கும். நான்கு அடுப்பும் எரிந்தன. ஆவியின் நடுவே ஆதிலட்சுமி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். கூப்பிட வாயெடுத்தவன் சும்மா நின்றுவிட்டான். கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் அவள் வேலை செய்வதை அவன் பார்த்ததில்லை. வீட்டில் மூச்சு வாங்க நடக்கிறவள் இங்கே வேறு ஆளாக இருந்தாள். ஒரு கையசைவில் இரண்டு பேர் அண்டாவை இறக்கினார்கள்.

சாம்பார் அண்டாவுக்குள் ஒரு பிடி கல் உப்பைப் போட்டாள். கிளறினாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் அரைப்பிடி போட்டாள். கிளறினாள். மறுபடி உள்ளங்கை. அடுத்த அடுப்பில் கூட்டு. மறுபடி உள்ளங்கை. ரசம் நுரை கட்டும்போது ஒரு தடவை, இறக்கிய பிறகு ஒரு தடவை. யாரோ துவையல் அரைத்து எடுத்து வந்தார்கள், விரலால் தொட்டு வாயில் வைத்தாள். திரும்பச் சாம்பார்.

பாவாடை எண்ண ஆரம்பித்தான். அங்கே நின்ற இருபது நிமிஷத்தில் பதினான்கு தடவை அவள் கை வாய்க்குப் போயிற்று.

அவளைக் கூப்பிடாமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினான்.

மறுநாள் மதியம் அவள் வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்ததும் பாவாடை சொன்னான். “நேத்து உன் கேன்டீனுக்கு வந்தேன்.”

“எதுக்குய்யா?”

“மாத்திரைய வுட்டுட்டுப் போயிட்ட.”

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “மறக்கலய்யா. வேணும்னுதான் வெச்சுட்டுப் போனேன். அதப் போட்டா கால் மணிக்கு ஒரு தடவ ஒதுங்கணும். கக்கூசு அந்தாண்ட கோடியில இருக்குது. அடுப்ப வுட்டுட்டு எத்தினி தடவ ஓடுவேன்?”

“அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ உப்பு பாக்கறத நேத்துதான் பாத்தேன்.”

“அதுல என்னா பாக்க இருக்குது?”

“ஒரு நாளைக்கு எத்தினி தடவ நக்கற?”

“ஏய்யா, அது சாப்பிடறதா? நாக்குல வெச்சுப் பாக்கறது. வயித்துக்கே போவாது.”

“அப்ப எங்க போவுது?”

பாவாடை எழுந்துபோய் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான். “நாளைக்கு இதக் கொண்டு போ. நீ கையில ஊத்தறப்பல்லாம் அதே அளவு இதுலயும் ஊத்து. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

“பைத்தியமாய்யா ஒனக்கு?”

“ஒரு நாளைக்கு ஊத்து.”

கோபத்தோடுதான் அவள் அந்தச் சொம்பை எடுத்துப் போனாள். ஒன்றுமில்லை என்று காட்டி அவன் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தாள். பொங்கலுக்குச் சாம்பார் வைக்கையில் ஐந்து தடவை ஊற்றினாள். சட்னிக்கு மூன்று. என்ன அது என்று கொளஞ்சிநாதன் கேட்டதற்கு, “வேண்டுதல்” என்றாள். ஒன்பது மணிக்குச் சொம்பின் அடிப்பாகம் மறைந்துபோனது. பதினொரு மணிக்குக் கழுத்துக்குக் கீழே நான்கு விரல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை கரண்டியை எடுக்கும்போதும் அவள் கை தயங்கியது. ஆனாலும் பொய்யில்லாமல் ஊற்றினாள்.

மதியம் வீட்டுக்கு வந்து சொம்பைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். சாம்பாரும் ரசமும் கூட்டுத் தண்ணியும் கலந்து பழுப்பாக, மேலே எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. பாவாடை காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து அதில் ஊற்றிப் பார்த்தான். அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

ஆதிலட்சுமி அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“இத்தன வருசமா தெனமும் இதக் குடிச்சேனா?” என்றாள் ஆதிலட்சுமி.

சாயங்காலம் பாவாடைதான் வெண்மதிக்குப் போன் செய்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு மகளிடம் பேசுகிறான். நடந்ததை மட்டும் சொன்னான். அவள் ஆஸ்பத்திரியில் உணவு பற்றிச் சொல்லித்தரும் சந்திரா மேடத்திடம் கேட்டுவிட்டு அரை மணியில் திரும்பக் கூப்பிட்டாள். ஹோட்டல் பதத்தில் உப்பு போட்ட சாம்பார் அரை லிட்டர் என்றால் அதிலேயே கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்பு இருக்குமாம். வீட்டில் அளந்து வைத்த அதே ஒரு டீஸ்பூன். ஆக, தினமும் இரண்டு. கூடவே நீர் மாத்திரையும் பல நாள் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெண்மதி வந்தாள். பாவாடை வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போகாமல் அவன் எதிரில் நின்றாள்.

“அப்பா.”

“ம்.”

“அன்னிக்கி ஆஸ்பத்திரியில…”

“வுடு,” என்றான் பாவாடை. பிறகு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, “ஒரு தடவ குடுத்தேன். ஒரு துண்டு நார்த்தங்கா. பொய் சொல்ல மாட்டேன். அவ கேட்டா, குடுத்தேன்,” என்றான்.

வெண்மதி குனிந்து அவன் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். அப்படியே அவன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். தெருவில் போனவர்கள் பார்க்கிறார்கள் என்று அவன்தான் அவளை உள்ளே அனுப்பினான்.

உள்ளே ஆதிலட்சுமி அழவில்லை. அவள் பயம் வேறு. “ருசி பாக்காம எப்டிடி சமைப்பேன்? என் கைக்கு உப்பு தெரியும்னு சொல்றாங்க. கைக்கு எங்கடி தெரியும்? நாக்குக்குத்தான் தெரியும். அது போச்சுன்னா என்ன மறுபடியும் பாத்திரம் தேய்க்கத்தான் அனுப்புவாங்க.”

வாசலில் கேட்டுக்கொண்டிருந்த பாவாடைக்கு அவள் சொல்லாமல் விட்டதும் புரிந்தது. முந்நூறு பேர் அவள் கைச்சோறு தின்கிறார்கள். அந்த இடத்துக்கு அவள் எப்படி வந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவள் வாயில் எதையும் வைக்காமல் சமைத்தாள். கண் அளவும் கை அளவும்தான். அன்றைக்குச் சாம்பார் கரித்தது. பாதித் தட்டுகள் சோறோடு திரும்பி வந்தன. சூப்பர்வைசர் சுதாகர் வந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னாக்கா இது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. செவ்வாய்க்கிழமை பயந்துபோய்க் குறைத்துப் போட்டாள். மேஜை மேஜையாக உப்புக் கிண்ணம் கேட்டார்கள்.

புதன்கிழமை காலை அவள் பிடி உப்போடு அண்டாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போடவும் இல்லை, வைக்கவும் இல்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கொளஞ்சிநாதன் கத்தியை வைத்துவிட்டு வந்தான். இப்போது கேன்டீனில் அவளுக்கு அடுத்த ஆள் அவன்தான்.

“ஒடம்புக்கு என்னா? உண்மையச் சொல்லு,” என்றான்.

அவள் சொன்னாள். சொம்பைப் பற்றியும் சொன்னாள்.

கொளஞ்சிநாதன் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு, “நீ போடு. நான் பாத்துச் சொல்றேன்,” என்று இடது கையை நீட்டினான்.

ஆதிலட்சுமி கரண்டியில் சாம்பாரை எடுத்தாள். அவன் உள்ளங்கைக்கு மேலே கரண்டி ஒரு கணம் நின்றது. எதையும் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் அவள் நிறுத்தியது அவனுக்குத் தெரிந்தது.

“நான் டிபன் பாக்ஸ் தூக்கினு வந்தத நீ மறந்திருக்க மாட்ட,” என்றான் மெதுவாக.

“மறக்கலண்ணே.”

“ம். ஊத்து. ஆறிடப் போவுது.”

அவள் ஊற்றினாள். அவன் நக்கிப் பார்த்து, “கால் பிடி போடு,” என்றான். அவன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அடுத்த அடுப்பில் ரசம் பொங்க ஆரம்பித்திருந்தது, இருவரும் அங்கே போனார்கள்.

அப்படித்தான் அது நடந்தது. முதல் வாரம் அவன் நாக்குக்கும் அவள் கைக்கும் ஒத்துப்போகவில்லை. அவனுக்குப் புளிப்பு தூக்கலாக வேண்டும். அவன் “போதும்” என்று சொன்னால் இன்னும் கால் பிடி போட வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு தராசைக் கேட்டு வாங்கி, எந்த அண்டாவுக்கு எத்தனை கிராம் உப்பு என்று நிறுத்து, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கொளஞ்சிநாதனை எழுதச் சொன்னாள். பழக்க தோஷத்தில் கை தானாக வாய்க்குப் போகும். அவன், “ஆதிலட்சுமி!” என்று அதட்டுவான். தண்ணீர்க் குழாயில் கையைக் கழுவிக்கொள்வாள். நீர் மாத்திரையை மதியம் வீடு திரும்பியதும் போடலாம் என்று டாக்டரம்மாவே நேரத்தை மாற்றிக் கொடுத்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்மா,” என்றார். கக்கூசைப் பற்றி ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் கூச்சப்பட்டிருந்தாள்.

முதல் இரண்டு மாதம் அவளுக்குச் சோறு சோறாகவே இல்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எரிச்சல் வரும். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, “இதத் தின்னுட்டு உசுரோட இருந்து என்னாய்யா செய்யப் போறேன்?” என்று கேட்டாள். பாவாடை தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான். எலுமிச்சம்பழம் பிழிந்தும், மிளகும் சீரகமும் இடித்துப் போட்டும், பூண்டைச் சுட்டு வைத்தும் அவளே வழி தேடினாள். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் உப்பே போடாமல் வதக்கிய பசலைக்கீரையை வாயில் வைத்தவள், “நீ உப்பு போட்டியா?” என்று அவனைச் சந்தேகமாகக் கேட்டாள். அவன் போடவில்லை. கீரைக்கே லேசாக ஒரு உவர்ப்பு இருப்பது ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குத் தெரியவந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் முழுவதும் அவள் வார்டுக்குப் போகவில்லை. தினம் காலையில் எடை பார்த்ததும் வெண்மதிக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டே கால். ஐம்பத்தெட்டு.

தை மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, “முப்பத்தி ரெண்டு,” என்றார்.

“ஏறிக்கினே வந்துடுங்களா?” என்று பாவாடை கேட்டான்.

“பெருசா ஏறாதுங்க. செத்துப்போன சதை திரும்ப வராது. மோசமாகாமப் பாத்துக்கறதுதான் நம்ம வேலை. அடுப்பு வேலையும் ரொம்ப நாளைக்கு ஆகாது.”

பஸ்ஸில் திரும்பும்போது ஆதிலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் வாயைக் கட்டியதற்கு இரண்டே இரண்டு எண்தானா என்று அவளுக்கு இருந்திருக்கும் என்று பாவாடை நினைத்தான். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெயில் ஆரம்பிக்கும் முன் கரண்டியைக் கொளஞ்சிநாதனிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். உப்பையும் மசாலாவையும் நிறுத்துக் கொடுக்கிற வேலையை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சுதாகரிடம் கேட்டுவிட்டாளாம், அவன் சரி என்றானாம்.

“ஒனக்குக் கஷ்டமா இல்லியா?” என்றான்.

“இருக்குதுய்யா,” என்றாள்.

மாசியில் பண்ருட்டியில் பாவாடையின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த ஆதிலட்சுமி முதலில் சோறும் தயிரும் மட்டும் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் விடவில்லை. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றார்கள். வத்தக்குழம்பு வாசனை மூக்கில் ஏறியது. அவள் சாப்பிட்டாள். குழம்பு, வடை, அப்பளம், பலாக்காய்ப் பொரியல், இலை முழுவதும் சாப்பிட்டாள். சாயங்காலம் இன்னொரு தடவையும் சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் எடை மிஷினில் ஏறி நின்றவள் குனிந்து பார்த்தாள். அறுபதேகால். கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்து, மெல்ல மேலே வந்தது. பாவாடை குளித்துக்கொண்டிருந்தான். முன்பு என்றால் ஐம்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்து சரிசெய்யப் பார்த்திருப்பாள். சற்று நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு போட்டாள்.

“எவ்ளோம்மா?” என்றாள் வெண்மதி.

“அறுவதே கால்.”

மகள் கேட்கும் முன் ஆதிலட்சுமியே சொன்னாள்.

“கல்யாணத்துல தின்னேன்டி. ரெண்டு வேளையும் தின்னேன். உங்கப்பா மேல தப்பில்ல. அவரு அந்தாண்ட பந்தியில பரிமாறிக்கினு இருந்தாரு.”

“மூச்சு வாங்குதா?”

“படிக்கட்டு ஏறனா வாங்குது. படுத்தா ஒண்ணும் இல்ல.”

“சரி. நீ கேன்டீனுக்குப் போவாத. அப்பாவக் கூட்டிக்கினு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. நான் கடையில சொல்லிட்டு அங்க வந்துடறேன்.”

“திட்ட மாட்டியா?”

“சொன்னியே, அது போதும்,” என்றாள் வெண்மதி. “கெளம்பு.”

நீர் மாத்திரையின் அளவை நான்கு நாளைக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தார்கள். படுக்கையில் சேர்க்கவில்லை. ஐந்தாம் நாள் எடை ஐம்பத்தெட்டரைக்கு இறங்கியது. அன்று காலை ஆதிலட்சுமி அதை மகளிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கு நடந்தாள்.